இடப்பக்கம் ஸ்டியரிங் பிடிச்ச அன்ரி

வெள்ளவத்தையில, கடலுக்கு இறங்கிற ஒழுங்கை ஒண்டில நாங்கள் மாடியில ஒரு பிளட் வாங்கி வந்த புதுசு. முதல் நாள் விடியவே கட்டிலால துள்ளி எழும்பினன். கரையோர ரயில் தண்டவாளத்தை விட்டிட்டு எங்கட குசினிக்குள்ள வந்திட்டுதாக்கும் எண்டுதான் நினைச்சன். யன்னலால எட்டிப் பார்த்தால், பக்கத்து வளவில, பழைய ஓட்டு வீட்டுக்கு முன்னால, நீட்டு மூக்கோட ஒரு சிவப்புக் கார் நிண்டு உறுமுது. பக்கத்தில ஒரு மனுசி. சீலையைத் தூக்கிச் செருகி, தலையில துவாயைக் கட்டிக்கொண்டு, பொனற்றுக்குள்ள பாதி உடம்பை விட்டிட்டு நிக்கிறா.

எனக்கு வந்த கோபம் சொல்லேலாது. என்ர சின்னவன் காய்ச்சலில அனுங்கி அனுங்கி அப்பதான் கண்ணயர்ந்தவன். நைற்றியோட இறங்கி ஓடினன்.

"உங்களுக்கு விசரே? பெடியன் காய்ச்சலில கிடக்கிறான், நீங்கள் இங்க எஞ்சின் முறுக்கிறியள்!" எண்டு கத்தினன்.

அவ தலையை வெளியில எடுத்து என்னை வடிவாப் பார்த்தா. "இப்ப நிப்பாட்டினால் இண்டைக்கு இது எழும்பாது, பிள்ளை. உங்கட பெடியன் திரும்பவும் நித்திரையாவான்," எண்டு சொல்லிப்போட்டு மறுபடியும் தலையை உள்ளுக்கு விட்டிட்டா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்! பல்லை நெருமிக்கொண்டு படியேறினன்.

பின்னேரம் கதவைத் தட்டி ஒரு பிளாஸ்கை நீட்டினா. மல்லித்தண்ணி. "பெடியனுக்குக் குடுங்கோ." திறந்தால் பெற்றோல் மணம் மூக்கில அடிக்குது. மூக்கைப் பொத்திக்கொண்டு குடுத்தன். அவன் குடிச்சான், அடுத்த நாள் காய்ச்சலும் விட்டுது. அண்டையோட எனக்கு அவவோட சண்டை பிடிக்க வாய் இல்லாமல் போச்சு.

இப்ப அந்த ஓட்டு வீடும் இல்லை, அவவும் இல்லை. ஆனால் ஒண்டு சொல்லோணும். அவ தன்ர வீட்டில, தன்ர கட்டிலில, ஆற்ர தயவும் இல்லாமல் இருந்துதான் கண்ணை மூடினவ. எங்கட சனத்தில, அதுவும் தனிக்கட்டையா இருந்த ஒரு பொம்பிளைக்கு, அது லேசுப்பட்ட விசயம் இல்லை. அதுக்காக அவ ஒரு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏனெண்டால் நானும் அந்தக் காருக்குள்ள இருந்து வெந்தனான்.

அன்ரி எண்டுதான் ஒழுங்கை முழுக்கக் கூப்பிடும். கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கப்பல் கந்தோரில கனகாலம் வேலை செய்தவ. துறைமுக வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பேக்க விட்டிட்டுப் போன அமெரிக்கக் கார் அது. எட்டுச் சிலிண்டர், ரெண்டே கதவு, ஒரு ஒழுங்கையை அடைக்கிற நீளம். கந்தோரில இருந்த ஆம்பிளையள் எல்லாரும் சுத்திச் சுத்திப் பார்த்துப்போட்டு, "உதை வைச்சிருக்கிறது யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரி" எண்டு விலகினவையாம். இவ போய் வாங்கிப்போட்டா. ஏன் அன்ரி எண்டு நான் ஒருக்காக் கேட்டன். "ஏலாது எண்டு எல்லாரும் ஒரேயடியாச் சொன்னவை. எனக்குப் பொறுக்கேல்லை," எண்டா. கலியாணம் ஏன் கட்டேல்லை எண்டதையும் கேட்டிருக்கிறன், எனக்கு வாய் சும்மா கிடவாது. "வந்தவை எல்லாரும் முதல்ல காரை வில்லு எண்டவை," எண்டு சொல்லிச் சிரிச்சா.

அமெரிக்கக் கார் எண்டபடியால் ஸ்டியரிங் இடப்பக்கம். அந்தக் கரைச்சலை விளங்கிக் கொள்ளுங்கோ. எங்கட ரோட்டில இடப்பக்கமாத்தானே ஓடுறது, அப்ப ஓட்டுறவ குந்தியிருக்கிறது நடைபாதைக் கரையில. முன்னால ஒரு பஸ் போனால் அதுக்கு அங்கால என்ன வருதெண்டு அவவுக்குத் தெரியாது. வலப்பக்கம் இருக்கிற ஆள்தான் தலையை வெளியில நீட்டிப் பார்த்துச் சொல்லோணும். அந்த உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்துது. "பொறுங்கோ, பொறுங்கோ, லொறி வருது... இப்ப போங்கோ!" காலி வீதியில நான் போட்ட கூச்சலுக்குப் பஸ் கண்டக்டர்மார் எனக்குக் கை காட்டத் தொடங்கிட்டினம். எங்கட இவர், என்ர மனுசன், "வீட்டிலயும் இப்பிடித்தான் எனக்கு வழி சொல்லுறவ" எண்டு ஊரெல்லாம் பகிடி விட்டார்.

காரில எப்பவும் ஏதோ ஒண்டு பழுது. கடற்காத்து இரும்பைத் தின்னும். அவ பின்னேரத்தில நல்ல தண்ணியால துடைச்சு, பளபளப்புத் தகடுகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிடுவா. அந்தப் பக்கத்து எறும்பெல்லாம் அந்தக் காரிலதான் குடியிருந்தது. சாப்பாட்டு மேசையில ஒரு கரையில புட்டு, மற்றக் கரையில பேப்பர் விரிச்சு அதுக்கு மேல கழட்டின கார்பரேட்டர். நகம் வெட்டுற கத்தரிக்கோலால காஸ்கட் வெட்டுவா. ஒருக்கா நான் சம்பல் எண்டு நினைச்சு கிரீஸ் கிண்ணத்துக்குள்ள கை வைச்சிட்டன்.

"உதுக்கு முடிவே இல்லையே அன்ரி?" எண்டால், "மூக்குள்ளவரை சளி, பிள்ளை. சளி பிடிக்குதெண்டு மூக்கை வெட்டுறதே?" எண்டு கேப்பா.

கொட்டாஞ்சேனையில கார் திருத்துற ஒரு கராஜ் பாஸ் இருந்தவர். சிங்கள மனுசன், தமிழ் வெளுத்து வாங்குவார். பெரிய வேலையெண்டால் அவரிட்டத்தான் கொண்டு போவா. ஒவ்வொரு முறையும் அவர் பொனற்றைத் திறந்து, கையைத் துடைச்சு, செத்த வீட்டில கதைக்கிற குரலில, "மிஸ், இனி இது சரிவராது," எண்டுவார். அவ, "பாப்பம் பாஸ்," எண்டுவா.

எங்கட ஆக்கள் பாப்பம் எண்டு சொன்னால் என்ன கருத்தெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. கலியாணத்துக்கு வாறியளோ, பாப்பம். அந்த ஆள் வராது, எண்ணிச் சமைக்கலாம். ஆனால் அன்ரி பாப்பம் எண்டால் அந்த அலுவல் முடியுமட்டும் மனுசி படுக்காது. வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள்ள வராத காலத்தில தண்ணிப் பம்ப் உடைஞ்சு போச்சு. பழையதைச் சந்தைப் பைக்குள்ள போட்டுக்கொண்டு பஞ்சிகாவத்தையில பழைய உதிரிப்பாகம் விக்கிற கடை கடையா ஏறி இறங்கினா. நானும் கூடப் போனன், என்ர விதி. குவியலுக்குள்ள கிடக்கிற ஒவ்வொண்டையும் எடுத்து, பழையதோட வைச்சு, சாதகம் பொருந்துதோ எண்டு பாக்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தா. எனக்குச் செருப்பு அறுந்து போச்சு. கடைசியில ஏதோ ஒரு லொறியின்ர பம்பைத் தூக்கிக்கொண்டு போய், அதைக் கடைஞ்சு பொருத்தச் சொல்லி பாஸின்ர தலைமாட்டில நிண்டா. பொருந்திச்சுது. பாஸ் தலையில கை வைச்சுக்கொண்டு, "மிஸ், நீங்கள் என்ர வாயைப் பொய்யாக்கிறதுக்கெண்டே வாறியள்," எண்டார்.

இன்னொரு குணமும் இருந்தது. காரை ஆரும் தள்ள விடமாட்டா. கார் நிண்டால் உதவிக்கு ஓடி வாற சனம்தானே நாங்கள். ஓட்டோக்காரர், கடைப் பெடியள், சும்மா நிண்ட ஆக்கள் எல்லாரும் வந்து பின்னால கையை வைப்பினம். "ஒருத்தரும் தொடாதேங்கோ, நான் எடுக்கிறன்," எண்டு அதட்டுவா. "தள்ளினால் கரையில கொண்டு போய் விடலாம். கரையில விட்டால் பேந்து அதை அங்கேயே விட்டிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லும் மனம்," எண்டு எனக்குச் சொன்னவ. அதால ரோட்டை அடைச்சுக்கொண்டு, பின்னால பஸ் எல்லாம் ஹோன் அடிக்க அடிக்க, நிண்ட இடத்திலயே திருத்துவா. எனக்கு வெக்கத்தில முகத்தை எங்க ஒளிக்கிறதெண்டு தெரியாது.

அந்தக் குணம்தான் வினையாப் போச்சு. ஒரு நாள் அடைமழை. நான் கூடப் போகேல்லை. காலி வீதி நடுவில கார் நிண்டிட்டுது. இவ குடையைக் கழுத்துக்குள்ள இடுக்கிக்கொண்டு, சீலை ஒட்ட ஒட்ட நனைஞ்சு, பொனற்றுக்குள்ள குனிஞ்சு நிக்கிறா. ஆரோ ஒரு குறுக்கால போவான் அதைப் போனில வீடியோ எடுத்து, சிரிக்கிற பொம்மையும் போட்டு அனுப்பிவிட்டிட்டான். அது குறூப் குறூப்பாச் சுத்தி, ரொறொன்ரோவில இருக்கிற அவவின்ர தம்பியிட்டப் போய்ச் சேர்ந்துது. "உது உங்கட அக்கா எல்லே?" எண்டு அங்க கோயிலில வைச்சு நாலு பேர் கேட்டவையாம்.

தம்பி கூடாத மனுசன் இல்லை. அதையும் சொல்லோணும். அக்காவில உயிர். மனுசியையும் கூட்டிக்கொண்டு அடுத்த விமானத்தில வந்து இறங்கினார். என்ர வீட்டு ஹோலில வைச்சுத்தான் கதை நடந்தது. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நிண்டன்.

"அக்கா, காணும். காரை வில்லுங்கோ, வீட்டைப் பூட்டுங்கோ. என்னோட வாங்கோ. கீழ பேஸ்மென்றில உங்களுக்கெண்டு அறை இருக்கு, ஹீட்டர் இருக்கு, ரீவி இருக்கு. நடு ரோட்டில நனைஞ்சு சாகவோ நீங்கள் பிறந்தனீங்கள்?"

"நான் அங்க வந்து என்னடா செய்யிறது?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா இருங்கோ."

அதைக் கேக்க அவவின்ர முகம் போன போக்கை நான் பார்த்தன். ஒரு ஆளைச் சும்மா இரு எண்டு சொல்லுறது எவ்வளவு பெரிய தண்டனை எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கிச்சுது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைச்சா. பிறகு சொன்னா.

"நீ போற அண்டைக்கு உன்னைக் கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு நான் இந்தக் காரில கொண்டு போய் விடுறன். வழியில ஒருக்கா எண்டாலும் எஞ்சின் நிண்டால், நீ சொன்னபடி. விக்கிறன், பூட்டுறன், வாறன். நிக்காமல் போனால் பேந்து இந்தக் கதை எடுக்கப்படாது. சரியோ?"

தம்பி சிரிச்சிட்டார். அந்த வீடியோவைப் பார்த்த ஆள் எல்லே, தான் வெண்டாச்சு எண்டு நினைச்சிருப்பார். "சரி அக்கா. உங்கட வாயால சொல்லிப்போட்டியள்," எண்டார். அன்ரி என்னைப் பார்த்து, "பிள்ளை, நீதான் சாட்சி. முன் சீற்றும் உனக்குத்தான்," எண்டா.

பயணத்துக்கு முதல் கொட்டாஞ்சேனையில தன்ர குடும்பக் கோயிலில அர்ச்சனை செய்யோணும் எண்டு தம்பியின்ர மனுசி ஒற்றைக்காலில நிண்டவ. அன்ரிக்கு மச்சாள் முறை. பக்தி கூடின பிறவி. வெள்ளவத்தையில இருந்து கோயில் மட்டும் கார் தேர் மாதிரிப் போச்சுது. கோயில் வாசலில மட்டும் எஞ்சினை நிப்பாட்டலாம் எண்டு அக்காவும் தம்பியும் முதலே பேசிக்கொண்டவை. நாங்கள் உள்ளுக்கு நிக்க, மச்சாள் பூக்கடைக்காரனைப் பிடிச்சு, சுவாமிக்குச் சாத்தின மாலையோட இன்னும் நாலு மாலையை முறுக்கிக் கட்டி, காரின்ர முகத்தை ஒரு கரையில இருந்து மற்றக் கரை மட்டும் மூடிப்போட்டா. செவ்வந்தியும் மல்லிகையும் வேப்பிலையும். காத்துப் போக ஒரு ஓட்டை இல்லை.

அன்ரி வந்து பார்த்தா. ஒரு கணம் வாயைத் திறந்தா. அப்ப பார்த்து ஐயர் கற்பூரத் தட்டோட வாறார், மச்சாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு, "அம்மாளாச்சி, பயணம் முடியுமட்டும் இந்த மாலை வாடாமல் கிடக்கோணும்," எண்டுறா. அதுக்குப் பிறகு எந்த வாய் அதைக் கழட்டு எண்டு சொல்லும்? அன்ரியும் கோயில் குளம் போற மனுசிதான். திருநீறைப் பூசிக்கொண்டு ஏறினா.

துறைமுகப் பக்க ரோட்டுக்கு வந்ததும் கொள்கலன் லொறியள் வரிசையா நிக்குது. ஊர்ந்து ஊர்ந்து போறம். வெயில் கொளுத்துது. நான் தற்செயலா அவவின்ர பக்கம் பார்த்தால், சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குக் கிட்ட வந்திட்டுது. அவ முகத்தில ஒரு மாற்றமும் இல்லை. கையை நீட்டி ஒரு பிடியை இழுத்தா. குபீரெண்டு எங்கட காலடியில இருந்து அனல் காத்து.

"அக்கா! என்ன இது?" பின்னால இருந்து தம்பி அலறினார்.

"ஹீட்டர்."

"ஹீட்டரோ? கொழும்பிலயோ?"

"நீதானே உன்ர வீட்டில ஹீட்டர் இருக்கெண்டு சொன்னனீ. பழகிப் பாப்பம் எண்டு போட்டனான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டா வருது. எஞ்சின்ர சூட்டைக் காருக்குள்ள இழுத்துவிட்டால் எஞ்சின் கொஞ்சம் ஆறும், அதுதான் விசயம். அதுக்குப் பதிலா நாங்கள் நாலு பேரும் அவியோணும். தம்பி கோட்டைக் கழட்டினார், பேந்து டையைக் கழட்டினார். மச்சாள் கனடாக் குளிருக்கெண்டு கால்மேசும் போட்டுக்கொண்டு வந்தவ, "முருகா, முருகா" எண்டு விசிறிக்கொண்டிருக்கிறா. அன்ரியின்ர நாடியால வேர்வை சொட்டுது. ஸ்டியரிங்கை விடாமல், முன் லொறியின்ர பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறா. நான் அவவை ஒரு நாளும் அப்பிடிக் கண்டதில்லை. பயந்திருந்தா. பயந்து, விடமாட்டன் எண்டும் இருந்தா.

முள்ளு இறங்கேல்லை. பேலியகொடைக்குக் கிட்ட சிவப்பு விளக்கு. கார் நிண்டுது, எஞ்சின் மட்டும் துடிக்குது.

"பிள்ளை," எண்டா மெதுவா. "இறங்கி மாலையைக் கழட்டு."

"ஐயோ வேண்டாம்!" மச்சாள் கத்தினா. "சுவாமி மாலை! அபசகுனம்!"

"கழட்டு பிள்ளை. நான் இறங்கினால் இது நிண்டிடும்."

அம்மாளாச்சி மன்னிக்கோணும் எண்டு சொல்லிக்கொண்டு குதிச்சன். அந்தப் பூக்கடைக்காரன் கட்டின முடிச்சு, நாசமாய்ப் போக, அவிழுதே இல்லை. பல்லால கடிச்சன். பின்னால லொறிக்காரன் ஹோன் அடிக்கிறான், பக்கத்துப் பஸ் சனமெல்லாம் எட்டிப் பாக்குது. கடைசியில ஒரு இழுவையில எல்லாம் கையோட வந்துது. பொனற்றில கை பட்டுச் சுட்டுது. பூமலையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு ஏறினால், அன்ரி திரும்பிப் பார்க்காமல் சொல்லுறா: "அதை மச்சாளின்ர கழுத்தில போடு. பயணம் போறது அவ எல்லே, மாலை அவவோட போகட்டும். ஒரு அபசகுனமும் இல்லை."

போட்டன். மனுசி மாலையும் கழுத்துமா அம்மன் மாதிரியே இருந்தா. விளக்கு பச்சை. நான் தலையை வெளியில நீட்டி, தொண்டை கிழியக் கத்தினன்: "வலப்பக்கம் வெறுமை! போங்கோ அன்ரி, போங்கோ!"

அதிவேகப் பாதையில காத்து உள்ளுக்கு வரத் தொடங்க முள்ளு ஒரு மயிரிழை இறங்கிச்சுது. ஆனால் கட்டுநாயக்கா மட்டும் அவ ஹீட்டரை நிப்பாட்டேல்லை. புறப்படுற வாசலில கார் போய் நிக்க, எட்டுச் சிலிண்டரும் உறுமிக்கொண்டே நிண்டுது. தம்பி இறங்கினார். சேர்ட் முழுக்க ஈரம், தலைமயிர் ஒட்டிக் கிடக்குது. பெட்டியளை இறக்கிப்போட்டு அன்ரியின்ர பக்கத்து யன்னலில வந்து குனிஞ்சார். அவவின்ர வேர்வை முகத்தைத் தன்ர லேஞ்சியால துடைச்சுவிட்டார்.

"சரி அக்கா," எண்டார். "நீங்கள் இருங்கோ. உங்கட வீட்டில இருங்கோ. நான் இனிக் கேக்கமாட்டன்."

"போட்டு வா தம்பி. போனவுடனை எடு."

அவை உள்ளுக்குப் போயிட்டினம். அவ காரை உருட்டிக்கொண்டு வந்து தரிப்பிடத்தின்ர அந்தக் கடைசி மூலையில விட்டா. விட்டதுதான் தாமதம், முன்னால புஸ் எண்டொரு சத்தம், எஞ்சின் ரெண்டு தரம் இருமிச்சுது, அடங்கிப் போச்சு. பொனற் இடுக்கால ஆவி கிளம்புது. பழைய ஹீட்டர்க் குழாய் வெடிச்சுப் போச்சு.

"அன்ரி, பொனற்றைத் திறக்கட்டோ?"

"இரு. திறக்காதை. தம்பி உள்ளுக்கிருந்து கண்ணாடியால பாத்துக்கொண்டு நிப்பான்."

இருந்தம். ஆவி அடங்கிப் போச்சு, வெயிலுக்குள்ள ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல அப்பிடியே இருந்தம். அவ சீலைத் தலைப்பால ஸ்டியரிங்கைத் துடைச்சுக்கொண்டிருந்தா. எனக்கு ஏனோ என்ர அம்மாவைக் கட்டிப் பிடிக்கிற மாதிரி அவவைக் கட்டிப் பிடிக்கோணும் போல இருந்தது. அப்ப போன் அடிச்சுது. தம்பி. நல்ல காலம், வீடியோ இல்லை.

"அக்கா, நாங்கள் ஏறிட்டம். கதவு சாத்தப் போறாங்கள். நீங்கள் எங்க வாறியள்? கார் என்ன மாதிரி?"

அவ நிமிந்து இருந்தா. முன் கண்ணாடியில ஆவி படிஞ்ச கறையால ஒண்டும் தெரியேல்லை.

"பேலியகொடைப் பாலம் தாண்டியாச்சு, தம்பி," எண்டா. "வடிவா ஓடுது. நீ யோசியாமல் போ."

போனை வைச்சா. நான் விம்மி விம்மி அழுறன். அவ என்னைப் பார்க்கேல்லை, மேலதான் பாத்துக்கொண்டிருந்தா. கன நேரத்துக்குப் பிறகு ஒரு விமானம் கூரைக்கு மேலால எழும்பிக் கடல் பக்கம் திரும்பிச்சுது. அது புள்ளியாப் போகுமட்டும் பொறுத்து, சீலையைத் தூக்கிச் செருகினா, கதவைத் திறந்தா.

"அழுறதெண்டால் பேந்து அழு, பிள்ளை. இறங்கு. அந்தக் குழாயை வெட்டி மடிச்சுக் கட்டினால் காணும். தண்ணிப் போத்தில் எல்லாத்தையும் எடு."